சோதனையில் தேறிய திருத்தம் கைக்கு வருவதில்லை

வெள்ளவத்தைத் தொடர்மாடியிலோ கொட்டாஞ்சேனைச் சந்திலோ கைபேசியைத் திறந்தால் அயல்வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரியும். அன்ட்ரொய்ட் கைபேசிகளில் இந்த இணைப்பைக் கவனிப்பது டபிள்யூபிஏ சப்ளிகன்ட் என்ற திறந்த மென்பொருள். அதைச் சோதிக்கும் விதம் எனக்கு வியப்பைத் தருவது. 2008இலிருந்து லினக்ஸில் ஒரு போலி வானொலிப் பகுதி இருக்கிறது. ரவுட்டரும் கைபேசிகளும் ஒரே கணினிக்குள் இருப்பதாகப் பாவனை காட்டும். அன்ரெனா இல்லை, அயலவர் அலையின் இடைஞ்சலும் இல்லை. இணைப்பு, துண்டிப்பு, தவறான கடவுச்சொல் என நூற்றுக்கணக்கான சோதனைகள் தானாகவே ஓடும்.

ஆனாலும் 2017 ஒக்டோபரில் பெல்ஜிய ஆய்வாளர் மத்தி வான்ஹூஃப் 'கிராக்' பலவீனத்தை வெளியிட்டார். ஏற்கெனவே பயன்பட்ட சாவியை மீண்டும் நிறுவச் செய்து தகவலை ஒட்டுக்கேட்கலாம். அன்ட்ரொய்ட் 6 கைபேசிகளுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஓட்டை டபிள்யூபிஏ2 நியமத்திலேயே இருந்தது. நியமப்படி நடக்கும் மென்பொருளை, அதே நியமத்தை அளவுகோலாகக் கொண்ட சோதனை எப்படிப் பிடிக்கும்?

திருத்தம் அன்றே வெளியானது. அதைக் கைபேசிக்கு அனுப்ப வேண்டியவர் தயாரிப்பாளர். பழைய மொடல் என்றால் பெரும்பாலும் அனுப்பமாட்டார். நமது சிக்கல் இங்கேதான் என்பது என் கணிப்பு. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்புத் திருத்தம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் சொல்லியே ஆகவேண்டும். கைபேசிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் நமது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் அந்தத் திகதியைப் பெட்டியில் அச்சிடச் சொல்லலாம். காலி வீதிக் கடையில் விலையைக் கேட்பவர் அதையும் பார்த்து வாங்குவார்.