காண்கிற தேவனும் கண்காணிக்கும் கடைகளும்



ஏற்காட்டில் மிளகும் காப்பித்தூளும் வாங்கக் கடைக்குள் நுழைகிறீர்கள். திருட்டைத் தடுக்கும் கேமராவை நான் குறைகூறவில்லை. ஆனால் அது உங்கள் முகத்தை அளந்து, நீங்கள் அறியாத நிறுவனத்துக்கு அனுப்புமானால், அது காவலன்று; களவு.

அமெரிக்காவில் ரைட் எய்ட் மருந்துக்கடைகள் வாடிக்கையாளரின் முகங்களைக் கேமராவால் ஒப்பிட்டு, குற்றமற்றோரையும் திருடரென ஐயுற்றன. 2023 டிசம்பரில் அந்நாட்டு வர்த்தக ஆணையம் அதற்கு 5 ஆண்டுகள் தடை விதித்தது.

நம் நிலை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமையென 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 2024 மே மாதத்தில் தமிழகக் காவல்துறையின் முகமறியும் இணையதளத்திலேயே அந்நியர் ஊடுருவினர். காவலர் கையிலேயே பத்திரமில்லாதது கடைக்காரர் கையில் பத்திரமாயிருக்குமோ? கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம், முகத்தை மாற்றலாகுமோ?

வனாந்தரத்தில் ஆகாரைக் கண்ட தேவன் அவளைத் தாங்கும்படி கண்டார்; விற்கும்படி அல்ல.

ஆகையால் கடையில் தயங்காமல் கேளுங்கள்: "இந்தப் பதிவு யாரிடம் போகிறது? எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்?" கடை நடத்தும் சகோதரரே, அதன் விடையை வாசலில் எழுதிவையுங்கள். எழுதக் கூசினால், கேமராவைக் கழற்றிவிடுங்கள்.

கர்த்தர் உங்களைக் காப்பாராக. ஆமென்.