வளைவு மட்டும் போதுமா?

மேச்சேரித் தோழர்காள்! சேலம் ஏற்காடு சாலையிலே ஒரு நுழைவு வளைவைக் காண்பீர்கள். நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஈன்ற மாடர்ன் தியேட்டர்சின் எச்சம் அது! 1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எனும் வண்ணப்படம் தந்த அந்தக் கூடம் எங்கே? காலம் விழுங்கிற்று!

கல் காக்கத் தவறியதை ஏடு காக்கும். 1958-இல் 'நாடோடி மன்னன்' படத்தின் மக்கள் தொடர்பாளராக விளங்கிய பிலிம் நியூஸ் ஆனந்தன், விளம்பரத்தோடு நின்றாரா? இல்லை! படந்தோறும் பணியாற்றியோர் பெயர்களைத் திரட்டினார். 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' என நூலாக்கினார். 2016-இல் அவர் மறைந்தார், ஏடு நிலைத்தது.

நாயகர் புகழ்பாட ஆயிரம் பேர் உண்டு. மேடை கட்டியவனுக்கு, விளக்குப் பிடித்தவனுக்கு யார் உளர்? நம்மூர் நாடகக் கலைஞர்களின் வாழ்க்கையை நாமன்றி எவர் எழுதுவர்? முதியோர் இருக்கும்போதே கேளுங்கள்; எழுதுங்கள்!