கசிவு யாருக்கு நஷ்டம்?

1955-ல் கட்டி முடிந்த பவானிசாகர் அணையின் பெரும்பகுதி மண்ணால் ஆனது. சுமார் 8 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அணை 105 அடி வரை தண்ணீரைத் தேக்குகிறது. அதிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்காலும் மண்ணை வெட்டி அமைத்ததுதான். சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, 2,07,000 ஏக்கருக்குப் பாய்கிறது.

வாய்க்கால் கசிகிறதாம், தண்ணீர் வீணாகிறதாம், ஆகவே கான்கிரீட் பூச வேண்டுமாம். கசிந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று இவர்கள் கேட்டதுண்டா? கரையோரத்துக் கிணறுகளில் எட்டிப் பார்த்தால் தெரியும். ஆயக்கட்டில் ஒரு பருவம் ஒரு பாதிக்கும், மறு பருவம் மறு பாதிக்கும் தண்ணீர் விடுகிறார்கள். தன் முறை வராத காலத்தில் குடியானவனின் தென்னையையும் மாட்டையும் காப்பது அந்த ஊற்றுத்தான். கணக்குப் புஸ்தகத்தில் அதற்கு ஒரு பத்தி இல்லை. அதனால் நஷ்டம் என்று எழுதிவிட்டார்கள்!

கடைமடைக்காரனின் குறை பொய்யல்ல. தண்ணீர் வந்து சேராத வயலைப் பார்த்து அவன் வயிறு எரிவது நியாயம். ஆனால் அவன் பங்கை விழுங்கியது மண் மட்டும்தானா? பழுதான மதகுகளுக்கும், வழியில் திருட்டுத்தனமாக உறிஞ்சும் மோட்டார்களுக்கும் அதில் பங்கில்லையா?

பலவீனமான கரையைச் செப்பனிடுங்கள், மதகைப் பழுது பாருங்கள், திருட்டை நிறுத்துங்கள். யார் வேண்டாம் என்றார்கள்? வலியவனின் மோட்டாரைத் தொட அஞ்சிக்கொண்டு, எளியவனின் கிணற்றை வற்றவைப்பதற்குச் சீர்திருத்தம் என்று பேர் வைக்காதீர்கள்.