பாமரனுக்குப் புரியாதாம்!

"பாமரனுக்குப் புரியாது!" படமெடுப்போரும் படத்தை வாங்கி விற்போரும் அடிக்கடி வழங்கும் தீர்ப்பு இது. தீர்ப்பு வழங்குமுன் பாமரனை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை! அவன் கொடுக்கும் காசை மட்டும் எண்ணிப் பார்த்தார்கள். அவனுடைய காசு வேண்டும். ஆனால் கருத்து மட்டும் அவனுக்கு ஆகாது! இது என்ன நியாயம்?

2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் இரண்டு தமிழ்ப் படங்கள் ஒரே நாளில் வெளிவந்தன. ஒன்று, மாரி செல்வராஜ் எடுத்த 'வாழை'. மற்றொன்று, பி. எஸ். வினோத்ராஜ் எடுத்த 'கொட்டுக்காளி'. முன்னது ஓடியது, பின்னது ஒதுங்கியது. இரண்டைப் பற்றியும் உழைப்பாளித் தோழர்கள் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இரண்டும் நம் தெருவிலே நடக்கும் கதைகள்!

'வாழை'யிலே வரும் சிவனைந்தன் படிப்பில் கெட்டிக்காரன். ஆனால் பள்ளிக்கு விடுமுறை வந்தால் அவனுக்கு விளையாட்டு இல்லை. வாழைத்தார் சுமக்க வேண்டும். சேறும் சகதியும் கால்களைப் பிடிக்கும். தார் கழுத்தை அழுத்தும். இது படம் எடுத்தவர் இளமையிலே தாமே பட்ட பாடு. அதனால்தான் அந்தச் சுமை திரையிலே பஞ்சாகத் தெரியவில்லை, பாரமாகவே தெரிகிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள் தொழிலாளர்கள். ஒரே ஒரு ரூபாய்! அதற்கு எத்தனை முணுமுணுப்பு, எத்தனை முகச்சுளிப்பு! பசி தாளாமல் ஒரு பழத்தைப் பறித்துவிட்ட சிறுவனுக்குக் கிடைப்பதோ அடி! ஆயிரமாயிரம் பழங்களைச் சுமந்தவனுக்கு, பசித்த வேளையில் ஒரு பழத்துக்கு உரிமை இல்லை. பொருளாதாரப் புத்தகம் பத்துப் படித்தாலும் இதைவிடத் தெளிவாக விளங்குமா?

குறையே இல்லையா? உண்டு. ஆசிரியையிடம் சிறுவன் கொள்ளும் பாசத்தை விரித்துரைத்த நேரத்தில் ஒரு பகுதியை, கூலிக்காக எழுந்த குரலுக்கும் கொடுத்திருக்கலாம். தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள், லாரி கவிழ்கிறது, ஊரே கதறுகிறது. நாமும் அழுகிறோம். ஆனால் ஆளைச் சரக்கின்மேல் சரக்காக ஏற்றியவன் யார் என்ற கேள்வி அந்தக் கண்ணீரிலே கரைந்துவிடுகிறதே! அழுகை நல்லதுதான், அழுதபின் கணக்குக் கேட்பது அதனினும் நல்லது.

'கொட்டுக்காளி' அழவும் விடவில்லை. மீனா என்ற பெண் வேறு சாதிப் பையனை விரும்பினாள். அது அவள் மனம் என்று வீட்டார் எண்ணவில்லை. பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். ஆட்டோவிலே ஏற்றிச் சாமியாடியிடம் அழைத்துப் போகிறார்கள். அந்தப் பயணமே படம். பின்னணி இசை கிடையாது. அவள் வாய் திறப்பதே அரிது. வழியிலே ஒலித்த பாட்டுக்கு அவள் உதடு அசைந்துவிட்டது. அதற்கே மணக்கப் போகிறவன் பாண்டி அடித்து நொறுக்குகிறான். பிறகு ஒரு காளை பாதையை மறித்து நிற்கிறது. பெண்ணை அடித்த வீரக் கூட்டம் மாட்டைக் கண்டு மலைத்து நிற்கிறது! ஒரு சிறுமி வருகிறாள், காளையை ஓட்டிக்கொண்டு போகிறாள். ஆண்மை என்று மார்தட்டுவோரை இதைவிட அமைதியாக யாரும் கேலி செய்ததில்லை.

முடிவிலே, சாமியாடி வேறொரு பெண்ணை நடத்தும் விதத்தைப் பாண்டி நேரில் காண்கிறான். அவன் என்ன முடிவெடுத்தான்? படம் சொல்லவில்லை. "முடிவைக் காணோமே!" என்று சலித்துக்கொண்டு எழுந்தோர் பலர். இது திரைப்பட விழாக்களோடு நிற்க வேண்டிய படம், கொட்டகைக்கு வந்திருக்கக் கூடாது என்ற பேச்சு திரையுலகிலேயே எழுந்தது. பெர்லின் விழாவில் காட்டலாமாம், பெரியகுளத்தில் காட்டலாகாதாம்! பேயோட்டும் கொடுமை நடப்பது பெர்லினிலா, நம் ஊரிலா?

பழைய நாளை நினைத்துப் பாருங்கள். 1949இல் 'வேலைக்காரி', 1952இல் 'பராசக்தி' வந்தபோது தமிழ் மக்களில் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். தரையிலே உட்கார்ந்து படம் பார்த்தவர்கள், நீதிமன்றக் காட்சியின் நீண்ட வசனத்தை நெட்டுருவாக ஒப்பித்தார்கள். அன்று புரிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்ட இன்று புரியாமல் போய்விடுமா?

ஆனால் பழியை எல்லாம் அவர்கள் தலையிலே போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது. நாயகனின் கட்அவுட்டுக்குப் பாலூற்றுகிறவன் யார்? முதல் நாள் முதல் காட்சிக்கு ஒரு நாள் கூலியைக் கொட்டுகிறவன் யார்? நம்மவன்தானே! கைதட்டு எங்கே விழுகிறதோ, அங்கேதான் அடுத்த படத்தின் முதலீடும் விழும். கொட்டகை வாசலிலே நாம் நீட்டும் நோட்டும் ஒருவகை ஓட்டுத்தான்.

ஆகவே தோழர்களே, நாயகன் படத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குச் சிரிப்பும் வேண்டும், பாட்டும் வேண்டும். ஆனால் நம்மைப் பற்றிய படம் வரும்போது, நாலு நாள் கழித்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். நாலு நாளில் அது கொட்டகையை விட்டே போய்விடும்! துணைவியாரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மறுநாள் தேநீர்க் கடையிலே, நாயகன் எத்தனை பேரை அடித்தான் என்று எண்ணுவதற்குப் பதிலாக, பாண்டியின் இடத்தில் நாம் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று பேசுங்கள். வீட்டிலே தங்கை வேறு சாதிக்காரனை விரும்புகிறேன் என்று சொன்னால், கோடாங்கியைத் தேடுவோமா, கல்யாண நாளைக் குறிப்போமா?

அதற்கு நம் வீட்டிலே நேரிய விடை கிடைக்குமானால், அந்தப் படத்துக்கு முடிவும் கிடைத்துவிடும். பாமரனுக்குப் புரிந்தது என்பதற்குச் சான்றும் அதுவே!