சியோலின் கணினிக் கூடங்கள்

உலகம் முழுவதும் கோடிக்கணக்கான இளைஞர்கள் ஒரே விளையாட்டை ஒரே விதிகளின்படி ஆடிக்கொண்டிருக்க, அதன் உலகப் பட்டம் மட்டும் ஒரு தீபகற்பத்தின் பாதியில் வசிக்கும் ஐந்து கோடி ஜனங்களிடமே திரும்பத் திரும்பப் போய்ச் சேருகிறதென்றால், அதை அதிருஷ்டம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ என்னும் மின்விளையாட்டுக்கு 2011 முதல் 2025 வரை 15 உலகப் போட்டிகள் நடந்திருக்கின்றன; அவற்றுள் 10இல் வென்றவை தென்கொரிய அணிகள், 3இல் சீன அணிகள்; ஆரம்பத்து இரண்டு மட்டுமே, ஒன்று ஐரோப்பாவுக்கும் மற்றொன்று தைவானுக்குமாகப் போயின. 2025 நவம்பர் 9ஆம் தேதி சீனத்துச் செங்டு நகரில் நடந்த இறுதி ஆட்டத்தில் மோதிய இரு கட்சியாருமே கொரியர்கள்: எஸ்.கே. டெலிகாம் என்னும் தொலைபேசிக் கம்பெனி வளர்த்தெடுத்த டி1 அணி ஒருபுறம், அதே வியாபாரத்தில் அதற்குப் பரம வைரியான கே.டி. கம்பெனியின் ரோல்ஸ்டர் அணி மறுபுறம். 3–2 என்ற கணக்கில் டி1 வென்றது. அதற்கு அது ஆறாவது பட்டம், அதுவும் தொடர்ந்தாற்போல் மூன்றாவது. இத்தனைக்கும் விளையாட்டைச் சிருஷ்டித்தவர்கள் லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள். அவர்களுடைய கம்பெனிக்குச் சொந்தக்காரர் சீனத்து டென்சென்ட் நிறுவனத்தார்.

இதற்குக் காரணம் கேட்டால், கொரியர்களுக்கு விரல் வேகம் ஜாஸ்தி என்றும், அது அவர்களுடைய சுபாவத்திலேயே ஊறியது என்றும் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. ஜாதக பலன் சொல்வதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1997ஆம் வருஷத்துக்கு முன்னால் அந்த விரல்கள் எங்கே இருந்தன?

அந்த வருஷக் கடைசியில் கொரியாவின் நாணயம் சரிந்து, அரசாங்கம் சர்வதேச நிதியத்திடம் கையேந்த நேர்ந்து, பெரிய உத்தியோகங்களில் இருந்தவர்கள்கூடத் திடீரென்று வேலையிழந்து வீட்டுக்கு வந்தபோது, கையில் கிடைத்த ஈட்டுத்தொகையைக் கொண்டு என்ன தொழில் செய்வது என்று யோசித்த அநேகர், வாடகைக்குக் கணினி கொடுக்கும் கடைகளைத் திறந்தார்கள். ‘பிசி பாங்’ என்று அவர்கள் சொல்லும் அந்தக் கூடங்கள் சில வருஷங்களுக்குள் 20,000க்கு மேல் பெருகின. 1998இல் அமெரிக்காவிலிருந்து ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்னும் கணினி விளையாட்டு வந்து சேர்ந்தது. ஜப்பானியக் கலாசாரச் சரக்குகளுக்கு நெடுங்காலமாக இருந்த தடையினால் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் ஜப்பானியப் பெட்டிகள் அங்கே அதிகம் பரவியிருக்கவில்லையாதலால், பையன்களுக்குக் கணினியைத் தவிர வேறு கதியில்லை. அரசாங்கமும் அதே சமயத்தில் நாடு முழுவதும் அதிவேக இணையக் கம்பிகளை இழுத்துக்கொண்டிருந்தது. சொற்பக் கட்டணத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆடலாம். பசித்தால் அங்கேயே நூடுல்ஸும் கிடைக்கும். 2000இல் மின்விளையாட்டுச் சங்கம் ஒன்று அரசாங்க அங்கீகாரத்துடன் ஏற்பட்டது. மின்விளையாட்டை மாத்திரமே ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிலையமும் அதே வருஷம் வந்தது. 2007இல் கொரிய விமானப் படையே தனக்கென்று ஓர் அணி வைத்துக்கொண்டது என்பதைப் படித்தபோது நான் சற்று நேரம் சிரித்துக்கொண்டிருந்தேன். கட்டாய ராணுவ சேவைக்குப் போகும் ஆட்டக்காரர்களுடைய பழக்கம் விட்டுப்போகக் கூடாதே என்ற கரிசனம்!

இவையெல்லாம் சூழ்நிலைகள்தாம். ஆனால் ஆதிக்கத்தின் மர்மம், என் அபிப்பிராயத்தில், கம்பியிலும் இல்லை, கம்பெனியின் பணத்திலும் இல்லை. தோற்றவன் தன்னை ஜெயித்தவனுடைய தோளுக்குப் பின்னால் நின்று, அவன் கை எங்கே போகிறது, கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கக்கூடிய ஓர் இடம் ஒவ்வொரு தெருவிலும் இருந்ததில் இருக்கிறது. இன்றைக்குக்கூட உலகக் கோப்பைக்கு முன்னால் ஐரோப்பிய, அமெரிக்க அணிகள் ‘பூட் கேம்ப்’ என்று சொல்லிக்கொண்டு வாரக்கணக்கில் சியோலில் போய்த் தங்குகின்றன. அங்கே அவர்கள் தேடிப் போவது ஆசானையல்ல, எதிரியை. பலமான எதிரிகள் நெருக்கமாகக் குடியிருக்கும் ஊரில் சாதாரண ஆட்டக்காரனும் தினந்தோறும் அடி வாங்கி அடி வாங்கியே தேர்ந்துவிடுகிறான். அவர்கள் சிதறிக் கிடக்கும் ஊரிலோ, சமர்த்தன் ஒருவன் பிறந்தாலும் தன் பக்கத்தில் தோற்கடிக்க ஆளில்லாமல் சீக்கிரத்தில் சலித்துப்போகிறான். டி1 அணியின் லீ சாங்-ஹியோக், ‘ஃபேக்கர்’ என்று உலகம் அறிந்தவர், பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டு 2013இல் பதினாறு வயதில் அணியில் சேர்ந்து அதே ஆண்டு உலகப் பட்டம் வென்றார். ஆறு பட்டங்களிலும் அவர் இருந்திருக்கிறார். அவருடைய மேதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த மேதையைத் தினமும் சோதித்துப் பார்க்க ஆட்கள் பக்கத்துத் தெருக்களிலேயே இருந்தார்கள் என்றுதான் சொல்கிறேன்.

2018இல் இந்த ஆதிக்கம் ஒரு முறை நன்றாகச் சறுக்கியது. போட்டி நடந்ததோ கொரியாவிலேயே. ஆனால் ஒரு கொரிய அணிகூட அரையிறுதியை எட்டவில்லை. இஞ்சியோன் மைதானத்தில் சீனத்து இன்விக்டஸ் அணி கோப்பையைத் தூக்கியபோது உள்ளூர் ஜனங்கள் விருந்தினர்களைப் போலக் கைதட்டினார்கள். கொரியாவின் காலம் முடிந்தது என்று அன்றைக்கு எழுதியவர்கள் அநேகர். அவர்கள் கவனிக்காத விஷயம் ஒன்று: இறுதி ஆட்டத்தில் அந்தச் சீன அணிக்காக ஆடியவர்களில் இரண்டு பேர் கொரியர்கள். 2019இல் வென்ற சீன அணியிலும் இருவர், 2021இல் வென்ற அணியிலும் இருவர். சம்பளம் அதிகம் கொடுத்த இடத்துக்கு ஆட்கள் போனார்கள். பட்டறை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஆகவே அடுத்த தலைமுறை தயாராகிக்கொண்டே வந்தது. இந்தக் கதையில் கறையும் இல்லாமலில்லை. 2010இல் சூதாடிகளிடம் பணம் வாங்கித் தோற்றுக்கொடுத்த குற்றத்துக்காக 11 ஸ்டார்கிராஃப்ட் ஆட்டக்காரர்களைக் கொரிய மின்விளையாட்டுச் சங்கம் ஆயுள் முழுவதற்கும் விலக்கிவைத்தது.

நம்முடைய சதுரங்க விஷயத்திலும் இதே நியாயம்தான் செல்லுபடியாகிறது. இந்தியாவின் கிராண்ட்மாஸ்டர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டார் என்று நாம் மார்தட்டிக்கொள்கிறோம். 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனபோது எங்கள் ஊரான ராயகிரியின் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்கூட அதுதான் பேச்சு. ஆனால் ‘தமிழ்நாடு’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் சென்னையை. சென்னை என்று சொல்வதும் அங்குள்ள சில கூடங்களையும் பள்ளிக்கூடங்களையும்தாம். 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரான மானுவல் ஆரன் போன்றோரின் முயற்சியால் 1972இல் சோவியத் கலாசார நிலையத்தில் டால் சதுரங்க மன்றம் தொடங்கியது. சிறுவன் ஆனந்த் அங்கே போய்ப் பெரியவர்களோடு ஆடினான். குகேஷும் பிரக்ஞானந்தாவும் வேலம்மாள் பள்ளிகளில் படித்தவர்கள். கொரியா என்பதும் அப்படியே பெரும்பகுதி சியோல்தான். வரைபடத்தில் ஒரு நாட்டுக்கு வர்ணம் பூசுகிறோம். உண்மையில் நிறம் ஏறியிருப்பது நாலைந்து வீதிகளுக்கு.

பட்டணமாக இருந்தால்தான் முடியும் என்று இதற்கு அர்த்தமில்லை. இங்கிருந்து சங்கரன்கோவில் வழியாகப் பஸ்ஸில் போனால் வந்துவிடும் கோவில்பட்டி, தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன ஊர், தலைமுறை தலைமுறையாக ஹாக்கி ஆடுகிறது. அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடி வெண்கலத்தோடு வந்தார். அங்கே மைதானம் இருக்கிறது, தினசரி ஆட்டம் இருக்கிறது, ஆடி ஓய்ந்தவர்கள் கரையில் நின்று திட்டுகிறார்கள்.

மலையடிவாரத்து ராயகிரியில் மின்விளையாட்டுக்கு அப்படி ஓர் இடம் கிடையாது. ஆட்டக்காரர்களுக்கு மட்டும் குறைவில்லை. என் தங்கையின் பேரன் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறான். கைபேசியில் நாலு பேர் கொண்ட ‘ஸ்குவாடு’ ஒன்றை நடத்துகிறான். அணி எங்கே கூடிப் பயிற்சி செய்கிறது என்று ஒரு நாள் விசாரித்தேன்.

“கூடவா? நாலு பேரும் நாலு வீட்டுல இருந்துதான் ஆடுதோம், தாத்தா.”

“ஏன்டா, எல்லாரும் ஒரே தெரு தானே?”

“ஒரே இடத்துல உக்காந்தா வேலையத்த பயலுவன்னு ஏசுதாவ. பிங் வேற எகிறுது, மாடிக்குப் போனாத்தான் டவர் எடுக்கும்.”

அவன் குறை நியாயமானது. பையன் விளையாடுவதையும் பெரியவன் ரம்மியில் சம்பளத்தைத் தொலைப்பதையும் நம் வீடுகளில் ஒரே பாபமாகப் பாவிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, மின்விளையாட்டைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்த பிறகும் திண்ணையின் தீர்ப்பு மாறவில்லை. அதற்கு முன்னால் சர்க்காரின் தீர்ப்பும் நிலையாக இருந்ததில்லை: 2020 செப்டம்பரில் பப்ஜி என்னும் கைபேசி விளையாட்டு தடையாயிற்று, 2021இல் வேறு பெயரில் வந்தது, 2022 ஜூலையில் அதுவும் மறைந்தது, 2023 மே மாதம் திரும்பிவந்தது. மைதானத்தை இரண்டு முறை பூட்டித் திறந்தால் ஆட்டம் எப்படித் தேறும்? கொரியப் பெற்றோரும் கவலைப்படாதவர்கள் அல்லர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஆடக் கூடாது என்று 2011இல் சட்டம் போட்டு, பத்து வருஷம் கழித்து அதை நீக்கிக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் காலத்திலும் பகல் நேரத்தில் கூடங்கள் திறந்துதான் இருந்தன.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் மின்விளையாட்டுக்கு முதன்முறையாகப் பதக்கம் கொடுத்தார்கள். லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் நமது இந்திய அணி கால் இறுதியில் வியட்நாமிடம் தோற்றது; தங்கம், சொல்ல வேண்டியதில்லை, கொரியாவுக்கு. எனக்கு அதைவிட ரசமாகத் தோன்றியது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ போட்டிதான். அதில் தங்கம் வாங்கிய கிம் குவான்-வூ என்னும் கொரியருக்கு அப்போது வயது 44. காசு போட்டு ஆடும் இயந்திரங்கள் வரிசையாக நிற்கும் கடைகளில், கணினிக் கூடங்களெல்லாம் வருவதற்கு முன்பே, பள்ளிப் பிராயத்தில் பழகிய கை அது. இருபது வயதுக்கு மேல் விரல் மந்தப்படும் என்று பேசும் உலகத்தில் இது பெரிய சமாசாரம் என்று நான் சற்று உற்சாகமாகவே பேரனிடம் சொன்னேன். அவன் ஒரு க்ஷணம் கணக்குப் போட்டுவிட்டு, “அப்ப எனக்கு இன்னும் இருபத்தெட்டு வருசம் கெடக்கு. நீங்க அம்மாட்டயும் இதச் சொல்லுங்க, தாத்தா,” என்றான்.