'வயசாச்சு' என்பது ஒரு நோயின் பெயரா?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கழுத்துப் பிடிப்பையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். நம் சங்கத்து விழாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரர்களைக் கவனித்திருக்கிறேன். பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் தலை திரும்பாது. ஆளே நாற்காலியோடு திரும்புவார். "என்ன சார், கழுத்தா?" என்று கேட்டால், "ஆமாம், வயசாச்சே!" என்று சிரிப்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

அதே பதிலை நானும் மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் பட்ட பாட்டை இங்கே எழுதுவது, பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய்வரும் நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதற்காகத்தான்.

2019 ஏப்ரல் கடைசியில், இரண்டாவது பிரசவத்துக்காக, கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் மனைவியும் போனோம். வீட்டுக்குப் பின்னால் புல்வெளி, அதன் எல்லையில் மரக்காடு. சாயங்காலமானால் மான்கள் வந்து நிற்கும். மூத்த பேரனுக்கு மான் காட்டுவதும், மரத்தடியில் கிடக்கும் சருகுகளை வாரி அள்ளுவதும் என் பொறுப்பு. முப்பத்தேழு வருடம் தண்டவாளத்தோரம் நடந்தவனுக்குச் சும்மா உட்கார வராது.

ஜூலை முதல் வாரத்தில் என் இடது தோள்பட்டைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு. வலி இல்லை, அரிப்பு இல்லை. "ஏங்க, படை மாதிரி இருக்கு" என்று சொல்லி, ஊரிலிருந்து கொண்டுபோன களிம்பை என் மனைவி தடவிவிட்டாள். சில நாளில் மறைந்தது. களிம்பு வேலை செய்துவிட்டது என்று இருவருக்கும் திருப்தி. மகளிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, அவளுக்கு எதற்குக் கவலை?

ஜூலை நடுவில் நாக்பூர் திரும்பினோம். ஒரு வாரத்தில் காய்ச்சல், தலைவலி, கழுத்துப் பிடிப்பு. மழைக்காலம், ஊரெங்கும் டெங்கு, சிக்குன்குனியா பயம். இரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வந்தது. 'வைரல் காய்ச்சல்' என்றார்கள். ஐந்து நாளில் காய்ச்சல் விட்டது, கழுத்து விடவில்லை. காலையில் எழுந்தால் தலை முதல் தோள் வரை சிமெண்ட் பூசினாற்போல் இருக்கும். வலியும் ஓரிடத்தில் நிற்காது. இன்று தோள், நாளை மணிக்கட்டு.

ஆகஸ்டில் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புத் தேய்மானம், ஸ்பாண்டிலோசிஸ் என்று முடிவாயிற்று. கழுத்துப் பட்டையும் வலி மாத்திரையும் கொடுத்தார்கள். எக்ஸ்ரே பொய் சொல்லவில்லை. அறுபது தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கழுத்தைப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும். வலியே இல்லாதவர்களுக்கும் தெரியும். படத்தில் தேய்மானம் இருப்பது ஒரு செய்தி. இப்போதைய வலிக்கு அதுதான் காரணம் என்பது வேறு செய்தி. இரண்டையும் நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டேன். கடந்த சில மாதங்களில் எங்கே போயிருந்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் மகள் வீடியோவில் கூப்பிடுவாள். அழைப்பு வந்ததும் கழுத்துப் பட்டையைக் கழற்றி மேசைக்கடியில் வைத்துவிடுவேன். "எப்படிப்பா இருக்கீங்க?" "ஃபர்ஸ்ட் கிளாஸ்ம்மா!" நம்மில் எத்தனை வீடுகளில் இந்த நாடகம் நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அக்டோபரில் வலது முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. ஆதியோடந்தமாக மகளிடம் கொட்டிவிட்டாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டாள்: "அம்மா, இங்க இருந்தப்போ அப்பா உடம்புல எங்கயாவது வட்டமா சிவந்துச்சா?"

"ஆமாம்டி, தோள்பட்டைல. படைன்னு மருந்து போட்டேனே!"

"அது படை இல்லம்மா. நாளைக்கே டாக்டர்கிட்ட லைம் நோயான்னு கேக்கச் சொல்லு" என்றவள் அழுதுவிட்டாள்.

லைம் என்பது அதே கனெக்டிகட்டில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர். 1970-களின் நடுவில் அந்தப் பகுதியில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கம் கண்டது. இது ஏதோ தற்செயல் என்று விட்டுவிடச் சில தாய்மார்களுக்கு மனம் வரவில்லை. 1975-இல் அவர்கள் செய்த முறையீட்டால்தான் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் ஆராயத் தொடங்கினார்கள். நோயைப் பரப்புவது காட்டு உண்ணி என்று பின்னர் தெரிந்தது. அதனுள் இருக்கும் சுருள் வடிவக் கிருமியைக் கண்ட செய்தியை வில்லி பர்க்டார்ஃபரும் அவரோடு உழைத்தவர்களும் 1982-இல் வெளியிட்டார்கள். விடாமல் கேள்வி கேட்ட தாய்மார்கள் இல்லாவிட்டால் இந்த நோய்க்குப் பெயர் கிடைக்க இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

காட்டெலி போன்ற சிறு பிராணிகளிடமிருந்து இந்தக் கிருமி உண்ணிக்கு வருகிறது. மான்களின் உடம்பில் உண்ணி பெருகுகிறது. கோடை தொடக்கத்தில் கடிக்கும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்தது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குமேல் ஒட்டிக்கொண்டிருந்தால்தான் கிருமி உடம்பில் இறங்கும். 3 முதல் 30 நாளுக்குள் சிவப்பு தோன்றி மெல்லப் பரவும். நூற்றில் எழுபது, எண்பது பேருக்கு அது வரும். மற்றவர்களுக்கு அதுவும் வராது. காய்ச்சல், அசதி, தலைவலி, கழுத்துப் பிடிப்பு எல்லாம் ஆரம்ப அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் சிலருக்கு முகவாதம், சிலருக்கு இதயத் துடிப்பில் கோளாறு, சிலருக்கு என்னைப் போல் முழங்கால் வீக்கம்.

நாங்கள் பார்த்த புதிய மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். இரண்டு கட்ட இரத்தப் பரிசோதனை செய்து நோயை உறுதி செய்தார். 28 நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை, வேளைக்கு ஒன்றாக நாளுக்கு இரண்டு. தொடக்கத்திலேயே கண்டிருந்தால் 10 முதல் 14 நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும் என்றார்.

முழங்கால் வீக்கம் வடிந்தது. கழுத்தும் தோளும் மட்டும் மசியவில்லை. எங்கள் முன்னறை ஜன்னலில் ஐந்து கம்பிகள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து இடப்பக்கம் தலையைத் திருப்பினால், டிசம்பரில் இரண்டாவது கம்பிக்கு மேல் பார்வை போகவில்லை. அளவெடுக்காமல் எந்த வேலையையும் செய்து பழக்கமில்லாததால், வாராவாரம் இதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இரண்டாவது தவறைச் செய்ய இருந்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் வயதுதான் காரணம் என்றேன். இப்போது எல்லாவற்றுக்கும் கிருமிதான் காரணம் என்று நம்பினேன். மாதக்கணக்கில் நரம்பு ஊசி வழியாக மருந்து ஏற்றும் ஓரிடத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர் சொன்னார். வைப்புநிதியை உடைக்க வங்கிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. என் மருத்துவர் தடுத்தார். சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு வலியும் அசதியும் மாதக்கணக்கில் நீடிப்பது உண்மைதான். ஆனால் அதற்காக மருந்தை நீட்டிப்பதில் பலன் இல்லை என்று 2001-இல் அமெரிக்காவிலும், 2016-இல் சுமார் 280 பேரை வைத்து நெதர்லாந்திலும் நடத்திய ஆய்வுகள் காட்டியிருப்பதை விளக்கினார். நீண்டநாள் ஊசிக்குழாய் வழியே வேறு கிருமி புகுந்து இறந்தவர்களும் உண்டு என்றார். "இன்னொரு தடவை இரத்தத்தைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "குணமான பிறகும் வருடக்கணக்கில் அந்தப் பரிசோதனை 'உண்டு' என்றே காட்டும், பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?" என்றார்.

அவர் சொன்னது எனக்குப் புரிந்ததற்குக் காரணம் என் பழைய தொழில். வார்தா பக்கம் கரிசல் மண். மழைக்காலத்தில் தண்டவாளத்துக்கு அடியில் சேறு பொங்கும். அந்த இடத்தில் வண்டி தூக்கிப்போடும். கேங்மேன்கள் ஜல்லியை இடித்துச் சமன் செய்வார்கள். நாலு நாளில் மறுபடி இறங்கும். வடிகால் அடைப்பை நீக்காதவரை அது வீண் வேலை. அடைப்பை நீக்கியாயிற்று என்றால், தாழ்ந்துபோன தண்டவாளம் அன்றைக்கே தானாக நிமிருமா? நிமிராது. திரும்பத் திரும்ப ஜல்லி இடித்துத்தான் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை விட்டுக் காய்ந்த வடிகாலையே இன்னும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருந்தால் மேலதிகாரி என்ன சொல்வார்? மாத்திரை என் வடிகாலைச் சுத்தம் செய்துவிட்டது. இனி இடிக்க வேண்டியது ஜல்லி.

அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு மராட்டிப் பெண் பிசியோதெரபிஸ்ட். முதல் நாளே கழுத்துப் பட்டையை வாங்கி ஓரமாக வைத்தார். நாள் முழுக்கப் பட்டை போட்டால் தசை மேலும் சோம்பிப்போகும் என்றார். காலையில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தோளில் கால் மணி நேரம் போட்டுக்கொள்வேன். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயை நேர் பின்னாக இழுத்து ஐந்து எண்ணும் வரை நிறுத்துவது, பத்து முறை. உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலை அசையாமல் கைக்கும் தலைக்கும் ஒரு தள்ளுமுள்ளு. இதையே பக்கவாட்டிலும் பின்புறமும். இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் ஒன்றோடொன்று நெருக்குவது. வாசல் நிலையில் இரு கைகளையும் ஊன்றி மெல்ல முன்சாய்வது. கடைசியில் தலையை இருபக்கமும் வலி தொடங்கும் எல்லை வரை மட்டும் திருப்புவது. நான் அவசரப்பட்டால், "ஹளூ ஹளூ, காகா" என்பார். சாயங்காலம் கைகளை வீசி அரை மணி நேரம் நடை. இரண்டு தலையணை ஒன்றாயிற்று.

முடிதிருத்தும் கடையில் கழுத்தை நெட்டி முறிக்க விடவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். அப்படித் திருகியதில் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்ததாக மருத்துவப் பதிவுகள் இருக்கின்றன. நாற்பது வருடப் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பிசியோதெரபி நின்றது, வீட்டுப் பயிற்சி நிற்கவில்லை. அப்போது மூன்றாவது கம்பி. மே கடைசியில் நான்காவது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது சும்மாவா? அதற்குள் இரவில் புரண்டு படுக்க முடிந்தது. ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வரும் வண்டியைத் திரும்பிப் பார்க்க முடிந்தது.

பட்டு அறிந்ததில் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கனெக்டிகட், நியூயார்க், நியூஜெர்சி, பென்சில்வேனியா, மாசசூசெட்ஸ், விஸ்கான்சின், மினசோட்டா பக்கம் போகிறவர்கள் புல்லிலும் சருகிலும் இறங்குமுன் முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வந்ததும் குளித்து, காதுக்குப் பின், அக்குள், இடுப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் வேண்டாம், நெருப்பு வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மூன்று நாளுக்குள் மருத்துவரைப் பார்த்தால், தேவைப்படுகிறவர்களுக்கு ஒரே வேளை மாத்திரையில் தடுக்கவும் வழி உண்டு.

இங்கே இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எல்லாக் கழுத்து வலியும் லைம் ஆகாது. நம் ஊரில் அது மிக அரிது. ஆனால் காய்ச்சலும் கடுந்தலைவலியும் சேர்ந்த கழுத்துப் பிடிப்பு, கை மரத்துப்போவது, கையில் பிடித்த பொருள் நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது - இவை அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டிய அடையாளங்கள். போகும்போது எங்கே இருந்தோம், என்ன கடித்தது, எங்கே சிவந்தது என்று முழுக் கதையையும் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கக் கூடாது.

ஐந்தாவது கம்பி இன்றும் எனக்கு முழுதாகத் தெரிவதில்லை. அதுதான் வயதின் பங்கு. அதை வயதுக்கே விட்டுக்கொடுத்துவிட்டேன். மற்ற கம்பிகளையும் சேர்த்து வயதின் கணக்கில் எழுதியதுதான் நான் செய்த பிழை.

வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்கும் பிள்ளைகள் வரும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார்கள். மேசைக்கடியில் ஒளித்து வைத்திருப்பது எதுவானாலும் வெளியே எடுத்துக் காட்டிவிடுங்கள். அவர்கள் கவலைப்படுவார்கள்தான். படட்டும், என் மகள் பட்ட கவலைதான் என் நோய்க்குப் பெயர் வைத்தது.