ஒரு ரசீது போடுங்க, ஐயா

நெய்வேலி நகரியத்தில் குழாய் ஒழுகினால் எங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கரண்ட் போனால் யாருக்குப் போன் போடுவது, கொல்லைப்புறச் சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்த ஆபீஸ், மாமரக் கிளை கம்பியில் உரசினால் யாரிடம் எழுதிக் கொடுப்பது, எல்லாவற்றுக்கும் இங்கே இடம் உண்டு, நோட்டு உண்டு. 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, காட்டைத் திருத்தி, வட்டம் வட்டமாக நம்பர் போட்டுக் கட்டிய ஊர் இது. தெருவுக்கு நம்பர், வீட்டுக்கு நம்பர், வேலைக்குப் போகிறவருக்கும் நம்பர்.

வேலிக்குள் நிறுத்திய சைக்கிள் காணாமல் போனால் மட்டும் அதற்கு ஒரு நம்பர் வாங்குவதற்குள் மனுஷனுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

பெரிய கொள்ளையைப் பற்றி நான் பேசவில்லை. பீரோவை உடைத்து நகையை எடுத்துக்கொண்டு போனால் மோப்ப நாய் வரும், கைரேகை எடுப்பார்கள், மறுநாள் பேப்பரில் நான்காம் பக்கத்தில் வரும். என் ஆதங்கம் அதற்குக் கீழே இருப்பவற்றைப் பற்றி. தோட்டத்துப் பித்தளைக் குழாய், தண்ணீர் மோட்டார், திண்ணையோரம் வைத்த கேஸ் சிலிண்டர், நைட் ஷிஃப்டுக்குப் போனவரின் வீட்டு வாசல் சைக்கிள், பழுக்கக் காத்திருந்த பலா. அவசரம் என்று 100-ஐ அழுத்த மனசு வராது. விட்டுவிடவும் மனசு வராது.

சரி, அழுத்தித்தான் பார்ப்போம் என்றால், அந்த அழைப்பை எடுப்பது சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை. அங்கிருந்து மாவட்டத்துக்குத் தகவல் வரும். இப்போது 112-ம் இருக்கிறது. அடிதடி, விபத்து, நெருப்பு என்றால் இந்த ஏற்பாடு நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "பதினாறாவது வட்டம்" என்று நாம் சொல்ல, வட்டம் என்றால் தாலுகா என்று பழகிய வெளியூர்க்காரர் அதைப் புரிந்துகொள்வதற்குள், பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளைத் தேடி மெயின் பஜார் வரை போய்த் திரும்பிவிடுவார்.

பிறகு நேரில்தான் போக வேண்டும். எங்கே? நகரியத்துக்கு ஒரு காவல் நிலையம், தெர்மல் என்ற பெயரில் ஒன்று, மந்தாரக்குப்பத்தில் ஒன்று. கொஞ்சம் தள்ளினால் ஊ.மங்கலம், முத்தாண்டிக்குப்பம். சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் காவல் நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அந்தக் காக்கியைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்து முறையிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் காப்பது நிறுவனத்தின் சொத்தை, நம் சைக்கிளை அல்ல. வீடு ஓர் இடம், சைக்கிளை விட்ட பஸ் ஸ்டாண்ட் ஓர் இடம் என்றால் எல்லைச் சண்டை வேறு.

இந்த எல்லைச் சண்டைக்குச் சட்டம் எப்போதோ முடிவு கட்டிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிக்கொள்ள வேண்டும் என்கிறது. வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். மின்னணு வழியில் அனுப்பினாலும் சரி, மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். அதற்கும் முன்பே, 2013-ல் லலிதா குமாரி வழக்கில், பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏட்டில் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது.

மேசைக்கு முன்னால் போய் நின்றால் கதை வேறு. என் சைக்கிள் களவு போனபோது நான் போன நிலையத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர் தங்கமான மனுஷர், உட்காரச் சொன்னார், விசிறியைக்கூட என் பக்கம் திருப்பிவிட்டார்.

"சைக்கிளா சார்? எத்தனை வருஷத்துப் பழசு?"

சொன்னேன்.

"பில் இருக்கா?"

ரிட்டயர் ஆவதற்கு முன்னால் வாங்கிய சைக்கிளுக்கு யார் பில் வைத்திருப்பார்கள்?

"பசங்க யாராவது ஓட்டிட்டுப் போயிருப்பாங்க சார். ரெண்டு நாள் பாருங்க. அப்புறம், திருடு போச்சுன்னு எழுதாதீங்க, காணலைன்னு எழுதுங்க. அப்பதான் எங்களுக்கும் ஈசி, உங்களுக்கும் ஈசி."

எனக்கு என்ன ஈசி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் குற்றம் என்று ஒன்று நடக்கவே இல்லை. விசாரிக்கவும் வேண்டாம். வண்டி என்றால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிப்பான். மாதக் கடைசியில் அந்த நிலையத்தின் குற்றக் கணக்கு சுத்தமாக இருக்கும். ஊரே நிம்மதியாகத் தூங்குகிறது என்று மேலிடத்துக்கு அறிக்கை போகும். எந்த வட்டத்தில், எந்த ஷிஃப்ட் நேரத்தில் களவு நடக்கிறது என்று தெரிந்தால்தானே இரவு ரோந்தை அந்தப் பக்கம் திருப்ப முடியும்? எழுதாத களவுக்கு ரோந்து எப்படி வரும்? போன மாட்டைத் தேடுவாரும் இல்லை, வந்த மாட்டைக் கட்டுவாரும் இல்லை.

இதற்கு நடுவில் புதுச் சட்டமே ஒரு வேலை செய்து வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில், ஒரு ரூபாய்த் திருட்டானாலும் 379-வது பிரிவில் போலீஸ் நேராக வழக்குப் போடலாம். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில், திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே என்றால் போலீஸ் தானாக விசாரிக்க முடியாது. பதிவேட்டில் எழுதிக்கொண்டு நம்மை மாஜிஸ்திரேட்டிடம் அனுப்ப வேண்டும். அவர் உத்தரவிட்டால்தான் விசாரணை. முதல் தடவை சின்னக் களவில் மாட்டியவர் ஜெயிலுக்குப் போக வேண்டாம், பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமூக சேவை செய்யட்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய சைக்கிளும் பித்தளைக் குழாயும் 5,000-க்கு மேலே எங்கே போகும்? காய்கறி வாங்கப் போகிற அந்த ஒரு சைக்கிளுக்காகக் கோர்ட் படியேறச் சொன்னால் எந்தக் கிழவர் ஏறுவார்? வீட்டுக்குள்ளிருந்து திருடினால் அது 305-வது பிரிவு, மதிப்பு எவ்வளவானாலும் போலீஸ் வழக்குப் போடலாம். வேலிக்கும் வாசற்படிக்கும் நடுவில் நின்ற சைக்கிள் வீட்டுக்குள் இருந்ததா, வெளியே இருந்ததா என்று பட்டிமன்றம்தான் வைக்க வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "வழக்குப் போடு, ஆளைப் பிடி" என்று நான் கத்தவில்லை. திருட்டுப் புகாருக்கு ஆள் காட்டியே தீர வேண்டும் என்ற அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நெய்வேலிச் சுற்றுவட்டாரத்துக்கு நன்றாகத் தெரியும். 1993-ல் திருட்டு வழக்கில் கம்மாபுரம் போலீசார் பிடித்துப்போன முதனை கிராமத்து ராஜாக்கண்ணு காவலிலேயே இறந்தார். அந்த வழக்கைத்தான் 2021-ல் ‘ஜெய் பீம்’ படமாக உலகமே பார்த்தது. சுற்றுக் கிராமங்களிலிருந்து இங்கே ஒப்பந்த வேலைக்கு வருகிறவர்கள் தங்கள் பொருளே களவு போனாலும் நிலையத்துப் படியேறத் தயங்குகிறார்கள் என்றால் காரணமில்லாமல் இல்லை. யாரையோ அடித்து மீட்டுத் தரும் சைக்கிள் எனக்கு வேண்டாம். நான் கேட்பது எழுதிக்கொண்டதற்கு ஒரு சீட்டு.

அந்தச் சீட்டு இல்லாத ஒன்றும் அல்ல. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் மனு கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது தருவது வழக்கம். வரிசை எண், தேதி, முத்திரை, இவ்வளவுதான். செலவு ஒரு தாள். அந்த எண்ணை வைத்து மனு என்ன ஆயிற்று என்று காவல்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். போன் களவு போனால் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் அதை முடக்கப் போலீஸ் புகாரின் நகல் கேட்கிறார்கள். அங்கேயும் இந்தச் சீட்டில்தான் வந்து நிற்கிறது. அதை எழுதித் தருவதற்குத்தான் "ஐயா வரட்டும்", "ரைட்டர் சாப்பிடப் போயிருக்கார்", "சாயங்காலம் வாங்க".

செய்ய முடியாதது என்று சொன்னால் நம்ப மாட்டேன். தொலைந்த ஆவணங்களுக்கு இதே துறை இணையத்தில் ஒரு வசதி வைத்திருக்கிறது. ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், ஆர்.சி. புத்தகம் தொலைந்தால் வீட்டில் உட்கார்ந்தபடி பதிந்து, அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம். யாரும் யாரையும் சாயங்காலம் வரச் சொல்வதில்லை. ஆன்லைனில் ஏமாந்து பணத்தை இழந்தால் கூப்பிட 1930. ரிட்டயர்மென்ட் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் நெய்வேலிப் பெரியவர்கள் இந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம். உடனே கூப்பிட்டால் பணம் கைமாறுவதற்குள் முடக்க வாய்ப்பு உண்டு. 2022-ல் வந்த ‘காவல் உதவி’ செயலியும் இருக்கிறது. ஆவணத்துக்கும் சைபருக்கும் முடிந்தது சைக்கிளுக்கு ஏன் முடியவில்லை? ஆன்லைனில் புகார் போட்டால் நிலையத்திலிருந்து போன் வருகிறது: "நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்." திரும்பவும் அதே மேசை, அதே விசிறி.

கடலூர் எஸ்.பி. அலுவலகத்தில் புதன்கிழமை மனு வாங்குகிறார்கள். வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, கொடுத்துவிட்டு வரலாம். வாங்கிக்கொள்கிறார்கள். அந்த மனு எங்கே வரும்? நம்மைச் சாயங்காலம் வரச் சொன்ன அதே நிலையத்துக்கு விசாரணைக்கு வரும்.

ஆகையால் நகரியத்து ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. மனுவை இரண்டு பிரதி எழுதுங்கள். காணவில்லை என்று எழுதச் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு, திருடு போனது என்றே எழுதுங்கள். இன்றைக்கே உங்கள் சைக்கிளைக் கவிழ்த்து ஃபிரேம் நம்பரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். ரசீது கேளுங்கள். தர மறுத்தால் சண்டை வேண்டாம். அதே மனுவை ஒப்புகை அட்டையோடு தபாலில் கடலூர் எஸ்.பி.க்கு அனுப்புங்கள். வழக்குப் பதிய வேண்டிய குற்றத்தைப் பதிய மறுத்தால் அப்படி அனுப்பும் உரிமையை அதே 173-வது பிரிவு கொடுத்திருக்கிறது. அவரும் கண்டுகொள்ளாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

காவல் நிலையத்து ஐயாமார்களுக்கு ஒரு வேண்டுகோள். சைக்கிள் கிடைக்காவிட்டால் உங்களை யாரும் குறை சொல்லப் போவதில்லை. மனுவை வாங்கிப் படித்து, ரசீதைப் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.